செருப்பிலிருந்து சட்டைக்கு

எங்கள் கடையில் அவளை எல்லோரும் எட்டரை என்றுதான் கூப்பிடுவோம். மூன்றாம் மாடியில் ஆண்கள் செருப்புப் பிரிவுக்கு அவள் வந்த முதல் நாள். படியேறி வந்த ஒரு ஆளின் காலைப் பார்த்துவிட்டு, அவர் வாயைத் திறப்பதற்குள் "எட்டரை" என்றாள்.

"இல்லம்மா, பதினஞ்சு வருஷமா நான் ஒன்பதுதான் போடுறேன்."

"அதான் பதினஞ்சு வருஷமா செருப்பு ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம் நடக்கறீங்க."

போட்டுப் பார்த்தார். எட்டரைதான். சிரித்துக்கொண்டே இரண்டு ஜோடி வாங்கிப் போனார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் இன்றுவரை போகவில்லை.

நான் அதே மாடியின் மூலையில் தையல் மிஷினோடு உட்கார்ந்திருப்பவன். வாங்குகிற பேண்ட்டின் நீளத்தைக் குறைத்து ஓரம் மடித்துத் தைத்துக் கொடுப்பது என் வேலை. நான் தலையை நிமிர்த்தினால் எதிரே செருப்பு அடுக்கு. கொஞ்சம் திருப்பினால் பெரிய நிலைக்கண்ணாடி. அதனால் இதில் பாதி நான் கண்ணால் கண்டது. மீதி, டீ நேரத்தில் என் மிஷின் பக்கத்து மேசையில் சாய்ந்துகொண்டு அவள் சொன்னது.

அவள் அங்கே வந்ததே தற்செயல்தான். அதற்கு முன்னால் ஆறு வருஷம் இரண்டாம் மாடியில் பெண்கள் கைப்பை விற்றுக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஒரே மகள், பள்ளிக்கூடம் போகிறாள். ஒரு கோடைக்காலத்தில் செருப்புப் பிரிவு சேல்ஸ்மேன் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றுவிட, "ரெண்டு நாள் மட்டும் சமாளிங்க" என்று அவளை மேலே அனுப்பினார்கள். அந்த ரெண்டு நாளுக்கு இப்போது எட்டாவது வருஷம் நடக்கிறது.

கோடையில் ஆண்கள் துணி வாங்குகிற அழகை நீங்கள் பார்க்க வேண்டும். சட்டைக்கு ஒரு மணி நேரம். பேண்ட்டுக்கு அரை மணி நேரம். கடைசியில், இரண்டு கையிலும் பையைப் பிடித்துக்கொண்டு, வீட்டிலிருந்து போன் வந்துகொண்டிருக்கும்போது, செருப்புக்கு ஐந்து நிமிஷம். "ஏதோ ஒண்ணு குடுங்க, வெயிலுக்குப் போட்டுக்கிட்டா போதும்." விளைவு என்னவென்றால், இடுப்புக்கு மேலே மாப்பிள்ளை, கணுக்காலுக்குக் கீழே குளிக்கப் போகிற ஆள்.

எட்டரை இதை இரண்டு வாரம் பார்த்தாள். அப்புறம் தலைகீழாக மாற்றினாள். சட்டைப் பக்கம் போகிறவர்களை வழியிலேயே மறித்து உட்கார வைத்தாள். "முதல்ல காலைக் காட்டுங்க. கால்ல என்ன ஏறுதோ அதுக்கு ஏத்த பேண்ட். பேண்ட்டுக்கு ஏத்த சட்டை. கீழேயிருந்து மேல வாங்க."

அவளுக்கென்று சில பிடிவாதங்கள் இருந்தன. அகலமான காலுக்கு மெல்லிய வார் போட விடமாட்டாள். கயிறு கட்டின தலையணை மாதிரி சதை பிதுங்கும் என்பாள். மெல்லிய பருத்திப் பேண்ட்டுக்குக் கீழே தடித்த அடி வைத்த செருப்பு போட்டால், "ரெண்டு செங்கல்லைக் கட்டிக்கிட்டுப் போறீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். வெள்ளையோ சந்தன நிறமோ லினன் பேண்ட் எடுத்தவருக்குக் கறுப்பு வாரைத் தரமாட்டாள், தேன் நிறத்தைத் தேடி எடுத்து வருவாள். கைக்கடிகாரத்தின் தோல் வாரையும் செருப்பின் வாரையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். செருப்போடு சாக்ஸ் கேட்டவர்களை ஒரு பார்வை பார்ப்பாள், அவர்களே வேண்டாம் என்று விடுவார்கள்.

என் வேலையிலும் கை வைத்தாள். ஷூவுக்குப் பேண்ட் நீளமாக இறங்கி மேலே உட்கார வேண்டும். செருப்புக்கு அப்படித் தைத்தால் நடந்து நடந்து ஓரம் குதிகாலுக்கு அடியில் போய்க் கிழியும். கணுக்கால் எலும்புக்கு ஒரு விரல் மேலே நிறுத்தச் சொன்னாள். முப்பது வருஷமாகத் தைக்கிறவனிடம் இப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். முதலில் கோபம்தான் வந்தது. தைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரியாக இருந்தது. அதிலிருந்து வாயை மூடிக்கொண்டேன்.

அளவு எடுப்பதற்காக ஒரு இரும்புத் தட்டு வைத்திருந்தாள். ஆளை உட்கார வைத்து, எதிரே முழங்கால் போட்டு, ஈரத்துணியால் தூசியைத் துடைத்துவிட்டு, காலைத் தூக்கித் தட்டில் வைப்பாள். அதுதான் வினையாயிற்று.

அவளுக்கு ஒரு அண்ணன். பதினேழு வயது மூத்தவர். அப்பா சீக்கிரமே போய்விட, படிக்க வைத்து, கல்யாணம் செய்து வைத்து, அவளைக் கரையேற்றியது அவர்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுத்ததும் அவரே. ஒரு பெரிய அலுவலகத்தில் கண்காணிப்பாளர். பளபளவென்று ஷூ போடாமல் தெருமுனைக்குக்கூடப் போக மாட்டார். தங்கை கைப்பை விற்றதே அவருக்கு அரைமனதுதான். யாரோ போய் மிச்சத்தையும் சொல்லிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வீட்டுக்கு வந்துவிட்டார். போட்டுக் கொடுத்த டீயைத் தொடவில்லை.

"கைப்பை விக்கிறேன்னுதானே சொன்ன?"

"இப்ப செருப்பு விக்கிறேன்."

"விக்கிறதோட நிக்கலையாமே. கண்டவன் காலைப் பிடிக்கிறியாமே."

"பிடிக்கலைண்ணா. அளக்கறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"டாக்டர் தொட்டா மட்டும்?"

"அவங்க படிச்சவங்க."

"நானும் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு நாளைக்கு நாற்பது கால்."

வீட்டுக்காரர் நிலைமையைச் சரிசெய்யப் பார்த்தார். "நான் தினமும் லிஃப்ட் பள்ளத்துல இறங்கறேன் மச்சான். என்னை யாரும் கீழ இறங்கிட்டான்னு சொன்னதில்லையே."

அண்ணன் அதைக் காதில் வாங்கவில்லை. எழுந்தார். "அந்த வேலையில நீ இருக்கிற வரைக்கும் இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்."

"சரி. ஷூவை மட்டும் ஒரு நம்பர் பெருசா வாங்கிக்கோ. ரொம்ப நாளா உனக்கு அது இறுக்கம்" என்றாள் இவள்.

வாய்தான் அப்படிப் பேசியது. அவர் தெருவைத் தாண்டுகிறவரைக்கும் ஜன்னல் ஓரம் நின்றாள். அப்புறம் அந்த ஆறிப்போன டீயைத் தொட்டியில் கொட்டிவிட்டு, குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாளாம். மறுநாள் ஒன்பதரை மணிக்கு மூன்றாம் மாடியில் இருந்தாள். அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஐந்து வருஷம் வரவில்லை. அண்ணி மட்டும் அவருக்குத் தெரியாமல் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

அவர் வராத அந்த ஐந்தாவது வருஷக் கோடையில் கடைக்குப் புது மேனேஜர் வந்தார். செருப்பு என்ற வார்த்தையே அவருக்குப் பிடிக்காது. "சாண்டல்ஸ்னு சொல்லுங்க. செருப்புன்னா யாரையோ அடிக்கப் போற மாதிரி இருக்கு" என்பார். எட்டரை அவர் எதிரிலேயே, "செருப்பு வேணுமா சார்?" என்று சத்தமாகக் கேட்டு விற்பாள்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அச்சடித்த தாள் வந்தது. கோடைக்கு ஆறு உடைகள். மாடியில் துணி மாட்டி நிறுத்தியிருக்கிற ஆறு ஆளுயரப் பொம்மைகளுக்கும் அப்படியே உடுத்த வேண்டும். படத்தில் பேண்ட்டெல்லாம் தரையைக் கூட்டியது. செருப்பு கண்ணுக்கே தெரியவில்லை. ஒரு பொம்மைக்கு வெயில் காலத்தில் தடித்த ஜீன்ஸ், மேலே ஒரு கோட். இன்னொன்றுக்குச் செருப்புக்குள்ளே வெள்ளை சாக்ஸ்.

போதாக்குறைக்கு, எங்கள் பொம்மைகளின் கால் ஷூவுக்காகச் செய்த கால். விரலே கிடையாது, மொழுக்கென்று சோப்புக்கட்டி மாதிரி இருக்கும். அதில் செருப்பை மாட்டினால் நாலு எட்டு தள்ளி நிற்கிறவருக்குக்கூடச் சிரிப்பு வரும்.

எட்டரை என்ன செய்தாள் தெரியுமா? கடை திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து ஆறு பொம்மைக்கும் தன் இஷ்டத்துக்கு உடுத்தினாள். பேண்ட்டை ஒரு விரல் ஏற்றி ஊசி குத்தினாள். சாக்ஸைக் கழற்றி எறிந்தாள். அத்தோடு விடவில்லை. முந்தின நாளே வாசல் காவல்காரர், கேஷியர், லிஃப்ட் ஓட்டுகிறவர், சரக்கு இறக்குகிறவர், நான் என்று கிடைத்தவரையெல்லாம் பிடித்துச் செருப்பு மாட்டிவிட்டு, முழங்காலுக்குக் கீழே மட்டும் போட்டோ எடுத்திருந்தாள். அதைப் பெரிதாக அச்சுப்போட்டு ஒவ்வொரு பொம்மைக்குப் பக்கத்திலும் ஒட்டினாள். கீழே கையால் எழுதியிருந்தாள்: "காவல்காரர். பத்து. அகலக் கால், உயர்ந்த மேற்பாதம்." "கேஷியர். ஏழு. ஒல்லிக் கால், நீளப் பெருவிரல்." என் படத்துக்குக் கீழே, "டெய்லர். எட்டு. மிஷின் மிதித்த கால்." நகத்தை வெட்டச் சொல்லியிருந்தாள், நான் வெட்டவில்லை, அதுவும் படத்தில் தெரிந்தது.

பத்து மணிக்கெல்லாம் கூட்டம் கூடிவிட்டது. வந்தவர்கள் படத்தைப் பார்த்துவிட்டுத் தங்கள் காலைப் பார்த்தார்கள். "எனக்கு இந்த வாட்ச்மேன் கால்" என்று ஒருத்தர். "என்னது டெய்லர் கால்தான்" என்று இன்னொருத்தர். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது.

மேனேஜர் பதினொன்றரைக்கு வந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"கடையில போய்க் கால் படமா ஒட்டுவாங்க?"

"செருப்புக் கடையில மூஞ்சி படமா ஒட்டுவாங்க?"

"தாள்ல இருக்கிற மாதிரி செய்யணும். அதான் உங்க வேலை."

"அந்தத் தாளை எழுதினவரை ஒரு நாள் இங்க வந்து உட்காரச் சொல்லுங்க சார். அவர் காலை நான் அளக்கறேன். அப்புறம் அவரே தாளைக் கிழிச்சுடுவார்."

படத்தையெல்லாம் எடுக்கச் சொன்னார். அவள் எடுக்கவில்லை. அவரே எடுக்கப் போனார். ஒரு வாடிக்கையாளர், "இருங்க சார், நான் இன்னும் பாத்து முடிக்கலை" என்றார். மேனேஜர் கையை இழுத்துக்கொண்டார்.

அன்று மாலையே அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். பேனாவால் எழுதின, பேர் போடாத கடிதம். "தங்கள் கடையின் மூன்றாம் மாடியில் ஒரு பெண்மணி அந்நிய ஆண்களின் காலைத் தொட்டுச் செருப்பு அணிவிப்பதைக் காண நேர்ந்தது. இது ஒழுக்கத்துக்கும் தங்கள் நிறுவனத்தின் புகழுக்கும் இழுக்கு. இப்படிக்கு, ஒரு நலம் விரும்பி."

"புகார் வந்துட்டுது. நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். "உங்களுக்குத்தான் பொம்மைக்கு டிரஸ் பண்றதுல அவ்வளவு ஆசையாச்சே. ஒண்ணாம் தேதியிலேர்ந்து கீழ்த்தளம், குழந்தைங்க பொம்மைப் பிரிவு. ஆர்டர் போட்டாச்சு."

"நான் போகலை சார்."

"போகலைன்னா வேலையை விட்டு எடுத்துடுவேன்."

"எடுங்க. எடுக்கிறதுக்குக் காரணம் எழுதணும் இல்லையா? என்ன எழுதுவீங்க? செருப்பு நல்லா வித்தாங்கன்னா?"

அவள் வெளியே வந்து நேராக என் மேசைக்கு வந்தாள். அவள் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

"என்னம்மா, ஆர்டரை நினைச்சா?"

"ஆர்டர் கிடக்கட்டும் டெய்லரண்ணே. அந்தக் கடுதாசில மூணு 'ழ' இருக்கு. மூணுக்கும் வாலை அடுத்த வரி வரைக்கும் இழுத்து விட்டிருக்கு. எனக்கு 'ழ' எழுதக் கத்துக் குடுத்தவர் அப்படித்தான் எழுதுவார்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் மிஷினை நிறுத்தினேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, காத்திருந்த ஒரு ஆளிடம் போய், "உட்காருங்க, காலைக் காட்டுங்க" என்றாள்.

ஒன்றாம் தேதி வந்தது. கீழ்த்தளத்துக்குப் போகவில்லை. மூன்றாம் மாடி வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு நின்றாள். மேனேஜர் கண்டும் காணாததுபோல் இரண்டு நாள் விட்டார். விற்பனை நன்றாக இருந்தது, அதுதான் அவர் தொண்டையில் சிக்கிய முள்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு லிஃப்ட் திறந்தது. ஒரு பெரியவர், பக்கத்தில் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மாள். பெரியவரின் வலது காலில் பளபளக்கும் கறுப்பு ஷூ. இடது காலில் குளியலறைச் செருப்பு. பெருவிரல் கணு தக்காளி மாதிரி வீங்கிச் சிவந்திருந்தது. மூட்டுவாதம். ஆறு வாரத்துக்கு மூடின ஷூ கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பத்து நாளில் அவருக்குப் பணி ஓய்வு விழா. ஊரில் இருக்கிற கடைகளையெல்லாம் விட்டுவிட்டு அந்த அம்மாள் அவரை இங்கேதான் இழுத்து வந்திருந்தாள். "வேற எங்கயும் சரியா கிடைக்காதுங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாளாம். அவள்தான் அண்ணி.

மேனேஜர் ஓடிவந்தார். ஆளின் தோரணை அப்படி. நாற்காலியில் உட்கார வைத்து, "சாருக்கு நல்லதாக் காட்டுங்க" என்று எட்டரையை அழைத்தார்.

அவள் இரும்புத் தட்டோடு வந்தாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். அவள் முழங்கால் போட்டு, அந்த வீங்கின காலை முட்டையைத் தூக்குவதுபோல் தூக்கித் தட்டில் வைத்தாள். அண்ணன் வேறெங்கோ பார்த்தார்.

மேனேஜர் சும்மா இருக்கலாம். இருக்கவில்லை. "சாருக்கு இவங்களை முன்னாடியே தெரியும் போல இருக்கே?"

"இல்ல. யாருன்னு தெரியாது" என்றார் அண்ணன்.

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். எட்டரை அந்தக் காலை மெதுவாகத் தரை விரிப்பில் இறக்கினாள். வலிக்காமல்தான் இறக்கினாள். அப்புறம் எழுந்து நின்றாள்.

"அப்படிங்களா சார். தெரியாத ஆம்பளை காலைத் தொடக் கூடாதுன்னு எங்கண்ணன் சொல்லியிருக்கார். நீங்களே போட்டுப் பாருங்க."

நாலு ஜோடியைக் கொண்டுவந்து அவர் எதிரில் வரிசையாக வைத்தாள். வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பேக்கரிக்காரரிடம் போய்விட்டாள்.

"என்ன பண்றீங்க நீங்க?" என்று மேனேஜர் பல்லைக் கடித்தார்.

"சாரோட கண்ணியத்தைக் காப்பாத்தறேன் சார். புகார் வந்திருக்கு இல்ல?"

அண்ணன் குனிந்தார். தொந்தி தடுத்தது. பக்கவாட்டில் வளைந்து பார்த்தார். விரல் நாற்காலிக் காலில் இடித்து, முகம் கோணிப்போயிற்று. அண்ணியைப் பார்த்தார்.

"நான் போட மாட்டேன்" என்றாள் அண்ணி, மாடி முழுக்கக் கேட்கும்படி. "போடத் தெரிஞ்சவ அங்க நிக்கிறா. கூப்பிடுங்க."

மேனேஜர், "நான் வேணா..." என்று குனியப் போனார். அண்ணியின் பார்வையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்துவிட்டார்.

எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியவில்லை. பேக்கரிக்காரர் இரண்டு ஜோடி போட்டுப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். நான் ஒரே தையலை மூன்று தடவை தைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ஒரு கால் ஷூவும் ஒரு கால் வெறுமையுமாக உட்கார்ந்திருந்தார். கடைசியில், "பாப்பா" என்றார்.

அவள் திரும்பவில்லை. "யாரைக் கூப்பிடறீங்க சார்?"

"உன்னைத்தான்."

"நான் யாரு?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மேனேஜரைப் பார்த்து, "இவ என் தங்கச்சி" என்றார்.

மேனேஜருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "யாரு சார்?"

"என் தங்கச்சிய்யா! கூடப் பிறந்தவ!" என்று கத்தினார் அண்ணன். சட்டைப் பிரிவில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

எட்டரை வந்தாள். முழங்கால் போட்டாள். "வலிக்குதாண்ணா?"

"இல்ல."

"பொய் சொல்லாத. மத்த விரலெல்லாம் மடங்குது."

வார் மூன்று இடத்தில் அவிழ்த்து மாட்டுகிற மாதிரி ஒரு தேன் நிறச் செருப்பை எடுத்தாள். முன்பக்கம் திறந்தது. அடி மெத்தென்று வளையக்கூடியது. வீக்கம் ஏறினாலும் இறங்கினாலும் வாரைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். அண்ணன் பெருவிரலைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"மூடின மாதிரி ஒண்ணு குடு. இதை எல்லாரும் பாப்பாங்க."

"மூடினா கிந்திக் கிந்தி நடப்ப. அப்பத்தான் எல்லாரும் பாப்பாங்க. திறந்து விடு. விரல்தானே, வீங்கிட்டுப் போகுது."

போட்டுக்கொண்டு நாலு எட்டு நடந்தார். நடை நேராக வந்தது. அவருக்கே ஆச்சரியம். உடனே பழைய தோரணை திரும்பிவிட்டது. "கறுப்பு பேண்ட்டும் நீலக் கோட்டும் வீட்ல இருக்கு. அதோட போட்டுக்கறேன்."

"இந்த வெயில்லயா? கோட்டை மறந்துடு. மேலேயிருந்து ஆரம்பிக்காத, கீழேயிருந்து வா."

சாம்பல் கலந்த வெள்ளையில் லினன் பேண்ட் எடுத்தாள். அரைக்கை வைத்த ஒரு வெளிர்நீலச் சட்டை, ஓரம் நேராக வெட்டினது, வெளியே விட்டுக்கொள்வதற்கு. "சட்டையை உள்ள விட்டாத்தான் எனக்கு மரியாதை" என்றார். "அப்ப பெல்ட் வரும், பெல்ட் வந்தா தொந்தி முன்னாடி வரும்" என்றாள். அண்ணி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

ஓரம் மடிக்க என்னிடம் வந்தார்கள். அவர் கண்ணாடி முன் நின்றார். நான் அளவு நாடாவோடு குந்தினேன்.

"இன்னும் கொஞ்சம் இறக்குங்க. கால் மறையட்டும்" என்றார் அண்ணன்.

"ஏத்துங்க டெய்லரண்ணே. ஒரு விரல்" என்றாள் தங்கை.

நான் ஒரு விரல் ஏற்றி ஊசி குத்தினேன்.

மேனேஜர் தள்ளிப் போயிருந்தார். எட்டரை குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உன் கடுதாசி வந்துதுண்ணா."

"எந்தக் கடுதாசி?"

"'ழ'வுக்கு வாலைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்."

கண்ணாடியில் அவர் முகம் எனக்குத் தெரிந்தது. இரண்டு நிமிஷம் முன்னால் அதட்டிக்கொண்டிருந்த மனுஷன்தானா என்று இருந்தது. அண்ணிக்கும் அது புதுச் செய்தி. அவர் முழங்கையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"உன் நல்லதுக்குத்தான்..." என்று ஆரம்பித்தார்.

"என் நல்லது எனக்குத் தெரியும். நாற்பத்தி ஒரு வயசாச்சு. நீ இன்னொரு கடுதாசி எழுது. இந்தத் தடவை நலம் விரும்பி வேண்டாம். உன் பேரைப் போடு."

அவர் துணி மாற்றும் அறைக்குப் போய்விட்டார். பேண்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். நான் தைத்துக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டு எழுந்தார். போகும்போது அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. லிஃப்ட் மூடியதும் அவள் அந்த நாலு ஜோடியில் மிச்சம் மூன்றை அடுக்கில் வைக்கப் போனாள். ஒன்று கீழே விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன்.

விழாவுக்கு அண்ணி அவளை வற்புறுத்தி அழைத்துப்போனாள். அலுவலகக் கூடத்தில் மின்விசிறிகள் சுற்றியும் எல்லோரும் கோட்டுக்குள்ளே வெந்துகொண்டிருந்தார்களாம். அண்ணன் மட்டும் காற்றோட்டமாக நடந்து வந்தார். மேடையில் இயக்குநர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "முப்பத்தஞ்சு வருஷம் நம்மையெல்லாம் ஷூவுக்குப் பாலிஷ் போட்டியான்னு விரட்டினவர், இன்னிக்குச் செருப்போட வந்திருக்கார் பாருங்க" என்றார். கூடம் சிரித்தது.

அண்ணன் தன் முறை வந்ததும் எழுதி வைத்திருந்த தாளைப் பிரித்தார். பிரித்துவிட்டு மடித்தார். "இந்தச் செருப்பை எனக்குப் போட்டு விட்டது என் தங்கச்சி. அதோ, ரெண்டாவது வரிசை. கடையில அதுதான் அவளுக்கு வேலை. இன்னிக்கு நான் நின்னு பேசறதே அவளால. சிரிக்கிறவங்க உங்க ஷூவைக் கழட்டிட்டு சிரிங்க பாப்போம்" என்றார். யாரும் கழற்றவில்லை. சிரிப்பும் நின்றுவிட்டது. எட்டரை எங்கே பார்ப்பதென்று தெரியாமல் இயக்குநரின் காலைப் பார்த்தாளாம். ஒன்பது, ஆனால் பத்து போட்டிருக்கிறார் என்று என்னிடம் சொன்னாள்.

அவர் அவளிடம் நேராக மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் கடைக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. முழுப் பெயரும் விலாசமும் போட்டு நாலு வரி. முன்பு வந்த கடிதத்தை எழுதியது நான்தான், அது தவறு, அதைக் கிழித்துவிடவும், அந்தப் பெண்மணி தன் தொழில் தெரிந்தவர். 'தொழில்' என்பதிலும் அதே 'ழ', வால் அடுத்த வரி வரைக்கும்.

மேனேஜர் அதை இரண்டு தடவை படித்தார். "ஆனா ஆர்டர் தலைமை அலுவலகத்துக்குப் போயாச்சு. திருப்பி வாங்கினா எனக்குத்தான் கேவலம்" என்றார்.

"நீங்க வாங்க வேண்டாம் சார். நானும் போக மாட்டேன். ரெண்டு பேர் மரியாதையும் அப்படியே இருக்கட்டும்" என்றாள் எட்டரை.

அப்படித்தான் நடந்தது. அண்ணன் அலுவலகத்திலிருந்து ஒவ்வொருவராக, முதலில் குமாஸ்தாக்கள், பிறகு அதிகாரிகள், கடைசியில் இயக்குநரே, வெயில் தாங்காமல் வந்து அவள் எதிரில் காலை நீட்டினார்கள். மேனேஜர் அடுத்த வருஷம் வேறு கிளைக்கு மாறிப்போனார். அவர் இடத்துக்கு வந்தவர் பழைய தாள்களையெல்லாம் புரட்டிப் பார்க்கிற ரகம். ஒரு நாள் மேலே வந்து, "நீங்க கீழ்த்தளத்துப் பொம்மைப் பிரிவு இல்லையா?" என்று கேட்டார்.

"தாள்ல அப்படித்தான் சார் இருக்கு" என்றாள் அவள். கொஞ்சம் நகர்ந்து நிற்கும்படி அவரிடம் கையைக் காட்டிவிட்டு, பின்னாலிருந்த ஆளைப் பார்த்து, "வாங்க, உட்காருங்க. ஏழரை" என்றாள்.